பாதி வேலை: ஐம்பத்தெட்டுக்கு முன்னாலா, பின்னாலா?

கேள்வி: ஐயா, கேரள எல்லையில் வேலந்தாவளம் பக்கம் என் ஊர். கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருக்கிறேன். 1997 செப்டம்பரில் ஃபிட்டராகச் சேர்ந்தவன். இன்னும் ஒன்றரை வருடத்தில், 2027 டிசம்பரில், 58 முடிகிறது. கம்பெனியில் அதுதான் ஓய்வு வயது. பேசிக், டிஏ சேர்ந்து 26,000 ரூபாய். மூன்று ஷிஃப்டும் மாறி மாறி வரும். முழங்கால் வலி இருக்கிறது. வீட்டில் 82 வயது அம்மா படுக்கையில். காலையில் அவர்களைக் குளிப்பாட்டிச் சாப்பிட வைக்க என் மனைவிக்கு ஆள் துணை வேண்டும். சி ஷிஃப்ட் (ராத்திரி வேலை) முடித்து வந்தால் பகலில் தூங்கவும் முடிவதில்லை. மேனேஜர் கூப்பிட்டு, "வாரத்துக்கு மூணு நாள் மட்டும் பகல்ல வாங்க, பாதிச் சம்பளம், அறுபது வயசு வரைக்கும் வெச்சுக்கறோம், அடுத்த மாசமே ஆரம்பிச்சுக்கலாம்" என்கிறார். மனைவிக்கு நான் வேலையையே விட்டால் நல்லது. பக்கத்து வீட்டு மாஷ் (வாத்தியார்) 56-லேயே ரிட்டயராகி நிம்மதியாக இருக்கிறார். கோவையில் அரசு வேலையில் இருக்கும் மச்சானுக்கு 60 வரை சர்வீஸ். நான் மேனேஜர் சொன்னதை வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அடுத்த மாதம் வேண்டாம், 2028 ஜனவரியில்.

உங்கள் மேனேஜர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. முப்பது வருடம் ஒரே இடத்தில் இருந்தவருக்கு எந்த மோட்டார் எந்தச் சத்தம் போட்டால் என்ன அர்த்தம் என்பது தெரியும். அந்தச் சத்தத்தை அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுக்க உங்களை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். அவர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. யோசித்திருந்தும் சொல்லாமல் விட்டாரோ என்னவோ. அது உங்கள் கிராஜுவிட்டி, வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி மொத்தமாகத் தரவேண்டிய பணிக்கொடை.

கிராஜுவிட்டிக் கணக்கு ரொம்ப எளிது. கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை, அதாவது பேசிக்கையும் டிஏவையும் (பஞ்சப்படி), 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருடத்தால் பெருக்க வேண்டும். 1972-ஆம் வருடச் சட்டம் தந்த பதினைந்து நாள் கணக்குதான் இது. உங்கள் 26,000-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 1,000. பதினைந்து நாளுக்கு 15,000. வருடத்துக்கு 15,000 என்று எழுதிக்கொள்ளுங்கள். 58 முடியும்போது 30 வருடம் ஆகியிருக்கும். ஆக 4,50,000.

இப்போது மேனேஜர் சொன்னபடி அடுத்த மாதமே பாதிச் சம்பளத்துக்குப் போனால், கடைசிச் சம்பளம் 13,000. 60 வரை வேலை செய்து 32 வருட சர்வீஸ் காட்டினாலும் கணக்கு 7,500 பெருக்கல் 32, அதாவது 2,40,000. இன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்தால்கூட உங்களுக்கு 4,35,000 வரவேண்டும். (28 வருடம் 9 மாதம் ஆகியிருக்கிறது, ஆறு மாதத்துக்கு மேலே இருந்தால் முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள்.) மூன்றரை வருடம் கூடுதலாக உழைத்து, ஏற்கெனவே சம்பாதித்ததில் சுமார் இரண்டு லட்சத்தைத் திருப்பிக் கொடுப்பதாகும். சட்டம் பார்ப்பது கடைசிச் சம்பளத்தை. அதற்கு முன்னால் 29 வருடம் முழு வேலை செய்ததை அந்தப் பெருக்கல் கேட்காது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நூற்பாலையில் பெர்சனல் ஆபீசராக இருந்த காலத்தில், கார்டிங் பிரிவில் ஒரு மேஸ்திரி இருந்தார். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று அரை நாள் வேலை கேட்டார். நானே முதலாளியிடம் பேசி வாங்கிக் கொடுத்தேன், பெருமையாகவும் இருந்தது. இரண்டு வருடம் கழித்து அவர் ஓய்வு பெற்றபோது கணக்குப் போட்டவனும் நான்தான். செக்கைக் கையில் வாங்கியவர் தொகையைப் படித்தார், திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். மீதி அங்கே எழுதியிருக்கிறதோ என்று பார்ப்பது போல இருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

சரி, பென்ஷன்? நிறையப் பேர் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான், "சம்பளம் குறைஞ்சா பென்ஷன் போயிடுமா" என்று. குறையும், ஆனால் அதிகம் இல்லை. பிஎஃப் பென்ஷனுக்குக் கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியைப் பார்ப்பார்கள். அதிலும் நிறுவனமும் நீங்களும் சேர்ந்து கூடுதல் சம்பளத்துக்கு விருப்பம் தெரிவித்திருந்தால் தவிர, 15,000-க்கு மேல் எண்ண மாட்டார்கள். இப்போது உங்கள் 26,000-மும் அங்கே 15,000-தான். பதினெட்டு மாதம் 13,000 வாங்கினால் சராசரி 14,400 ஆகும். 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீஸுக்கு 6,500 என்ற பழைய உச்சவரம்புதான், அது மாறாது. எல்லாம் கூட்டிப் பார்த்தால் மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாய் குறையும். உங்கள் பென்ஷன் எப்படியும் 4,500-க்கும் 4,800-க்கும் நடுவில் வந்து நிற்கும். இந்தத் தொகையைப் பார்த்து உங்களுக்குக் கோபம் வரலாம், நியாயம்தான். ஆனால் பாதி வேலையால் ஓட்டை விழும் இடம் இது இல்லை.

ஆகவே 58 முடியும்வரை சம்பளத்தை யாரையும் தொட விடாதீர்கள். உங்களுக்கு உண்மையில் வேண்டியது குறைந்த நேரமா, வேறு நேரமா? கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். உங்களைக் கொல்வது சி ஷிஃப்டும் காலை வேளையும்தான். எட்டு மணி நேர வேலை முடியவில்லை என்று நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. அப்படியானால் கேட்க வேண்டியது வேறு. "ஒன்றரை வருடத்துக்கு எனக்கு ஷிஃப்ட் சுற்று வேண்டாம். நிரந்தரமாக பி ஷிஃப்ட் கொடுங்கள், மத்தியானம் இரண்டு மணிக்கு வருகிறேன். இல்லையென்றால் ஜெனரல் ஷிஃப்டில் மெயின்டனன்ஸ் பிளானிங்கும் ஸ்பேர் பார்ட்ஸும் பார்க்கிறேன்." முழுச் சம்பளம். நைட் அலவன்ஸ் போகும், போகட்டும். அது பேசிக்கில் இல்லை. பி ஷிஃப்ட் கிடைத்தால் காலையில் அம்மாவைப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் வாளையார் பக்கமாக பைக்கில் வருவது உங்களுக்குப் பழக்கம்தான் என்றாலும், யானை இறங்கும் காலத்தில் யாராவது ஒருவரோடு சேர்ந்து வாருங்கள். இந்த விஷயத்தில் ஜெனரல் ஷிஃப்ட்தான் என் ஓட்டு.

முழங்காலுக்கும் ஏதாவது கேளுங்கள். நம் ஊரில் உட்கார்ந்து வேலை செய்தால் வேலை செய்யவில்லை என்று ஒரு நினைப்பு. ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்குப் போராடி, 2018-ல் கேரளத்தில் சட்டமே வந்தது. 2021-ல் தமிழ்நாட்டிலும் வந்தது. அது கடைகளுக்கு. தொழிற்சாலையில் நின்றுகொண்டு வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி தரவேண்டும் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் என்ற ஊரில் பிஎம்டபிள்யூ கார் கம்பெனி 2007-ல் ஒரு சோதனை செய்தது. ஒரு பிரிவில் சராசரி வயது 47 வரும்படி ஆட்களைப் போட்டு, அவர்களிடமே என்ன வேண்டும் என்று கேட்டார்கள். மரத் தரை, உயரம் மாற்றும் நாற்காலி, பெரிய எழுத்துத் திரை என்று சின்னச் சின்னதாக எழுபது மாற்றம். ஒரு வருடத்தில் உற்பத்தி 7 சதவீதம் கூடியது. உங்கள் ஒர்க்‌ஷாப்பில் மரத் தரை போட மாட்டார்கள். பெஞ்சுக்கு முன்னால் ஒரு ரப்பர் மேட்டும், பின்னால் ஓர் உயரமான ஸ்டூலும் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

அப்புறம் 58. இங்கேதான் இரண்டாவது குழி. "அப்படியே தொடர்ந்து வாங்க, சம்பளத்தை மட்டும் பாதியாக்கிக்கலாம்" என்பார்கள். தொடரக் கூடாது. தொடர்ந்தால் பழைய சர்வீஸும் புதுச் சம்பளமும் ஒட்டிக்கொண்டு, மறுபடியும் அதே 2,40,000-தான். 2027 டிசம்பரில் ஒழுங்காக ரிட்டயர் ஆகுங்கள், மாலை போடுவது உட்பட. கிராஜுவிட்டியை முழுச் சம்பளத்தில் வாங்குங்கள். அது முப்பது நாளுக்குள் தரப்பட வேண்டும், தாமதமானால் வட்டி உண்டு. பிறகு புது ஆர்டரில் புது ஆளாக உள்ளே போங்கள். ஜப்பானில் இதுதான் வழக்கம். அங்கே நிறையக் கம்பெனிகளில் 60-ல் ஓய்வுத் தொகையைக் கொடுத்து முடித்துவிட்டு, வருட ஒப்பந்தத்தில் 65 வரை திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். விரும்புகிற எல்லோரையும் 65 வரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று 2013-லிருந்து சட்டமே கட்டாயப்படுத்துகிறது. சம்பளம் குறையும், ஆனால் பழைய கணக்கு அதற்கு முன்பே தீர்ந்திருக்கும்.

அந்தப் புது ஆர்டரில் என்ன பெயர் போடுகிறார்கள் என்று பாருங்கள். "ஆலோசகர்" என்று போட்டு, பத்து சதவீதம் வரி பிடித்துக்கொண்டு, மாதாமாதம் பில் கொடுங்கள் என்றால் மறுத்துவிடுங்கள். கேட்க மரியாதையாக இருக்கும். ஆனால் உலைக்குப் பக்கத்தில் கால் வழுக்கினால் நீங்கள் அந்தக் கம்பெனியின் தொழிலாளியே இல்லை என்றாகிவிடும். "குறிப்பிட்ட கால ஊழியர்" என்று கேளுங்கள். 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்த பிறகு, அப்படிச் சேர்ந்தவருக்கு ஒரு வருடம் முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு, ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. இன்னொரு லாபமும் இருக்கிறது. உங்கள் சம்பளம் இப்போது 21,000-ஐத் தாண்டியதால் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வட்டத்துக்கு வெளியே இருக்கிறீர்கள். 13,000-க்கு வந்தால் உள்ளே வந்துவிடுவீர்கள். உங்கள் பங்கு முக்கால் சதவீதம், நூறு ரூபாய்க்குள். உங்களை நம்பியிருக்கும் தாயாருக்கும் அதில் வைத்தியம் உண்டு.

மூன்று நாள் என்றால் எந்த மூன்று நாள் என்பதும் எழுத்தில் வரட்டும். ஃபோர்மேன்களுக்குப் பாதி வேலை கொடுத்தால் நடப்பது என்ன என்று எனக்குத் தெரியும். திங்கள், செவ்வாய், புதன் போவார். வியாழக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோன் வரும்: "அண்ணே, கிரேன் நின்னுபோச்சு, சும்மா ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போயிருங்க." அண்ணனும் போவார். ஆறு மாதத்தில் பாதிச் சம்பளத்துக்கு முழு வேலை. ஆகவே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "ஒப்புக்கொண்ட நாட்களுக்கு வெளியே அழைக்கப்பட்டால், எத்தனை மணி நேரமானாலும் அது ஒரு முழு நாளாகக் கணக்கிட்டு ஊதியம் தரப்படும்." இந்த வரி வந்துவிட்டால் ஃபோனே பாதியாகக் குறைந்துவிடும்.

58 முடிந்ததும், வேலையில் இருந்தாலும் பென்ஷனுக்கு விண்ணப்பிக்கலாம், படிவம் 10டி. அதைத் தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூட்டித் தருவார்கள், 60 வரை தள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் சந்தா கட்டாமல் இரண்டு வருடம் தள்ளினால் 24 மாதப் பென்ஷனை விட்டுவிட்டு, அப்புறம் மாதம் 8 சதவீதம் கூடுதலாக வாங்குகிறீர்கள். விட்டதைப் பிடிக்க 300 மாதம், 25 வருடம் ஆகும். 85 வயது வரை பொறுமையாக இருப்பவர்கள் தள்ளிப்போடட்டும். நீங்கள் உடனே வாங்குங்கள்.

கிராஜுவிட்டிப் பணத்தை வந்த மூன்று மாதத்துக்குள் தபால் நிலையத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 60 ஆகாவிட்டாலும், 55-க்கு மேல் ஓய்வு பெற்றவர் அந்தக் கெடுவுக்குள் போட முடியும். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது. நீங்கள் போடும் நாளில் என்ன விகிதமோ அது ஐந்து வருடத்துக்கு மாறாது. 8.2 என்றே வைத்தால் 4,50,000-க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 9,225 ரூபாய், மாதத்துக்கு 3,075.

இப்போது உங்கள் மனைவியை உட்கார வைத்து இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மூன்று நாள் சம்பளம் 13,000 (பிஎஃப் பிடித்தம் இல்லை என்று வைத்து), பென்ஷன் 4,600 என்று வையுங்கள், வட்டி 3,075. மொத்தம் 20,675. இன்றைக்கு 26,000-த்தில் பிஎஃப் 3,120 போக உங்கள் கைக்கு வருவது 22,880. நாலு நாள் வீட்டில் இருந்தும் வித்தியாசம் இரண்டாயிரத்துச் சொச்சம்தான். மேனேஜர் சொன்னபடி அடுத்த மாதமே போனால், 58 வரும்வரை பிஎஃப் போகக் கைக்கு வருவது 11,440 மட்டும். அதே மூன்று நாள்தான், அதே பெஞ்சுதான்.

அடியோடு விட்டுவிடச் சொல்கிற அவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது, அம்மாவைத் தூக்கி உட்கார வைப்பது அவர்கள் தானே. ஆனால் நீங்கள் நாள் முழுக்க வீட்டில் இருந்தால் அவர்களுக்கு உதவியா, இன்னொரு ஆளுக்கு டீ போடுவதா என்பதை அவர்களிடமே கேளுங்கள். சிரிப்பார்கள், பதிலும் சொல்வார்கள். ஒன்றரை வருடத்துக்கு நேரத்தை மாற்றி வாங்கினாலே காலை வேளைப் பிரச்சினை தீரும். ஒருவேளை கம்பெனி நேரமும் மாற்றாது, அம்மாவின் நிலைமையும் மோசமாகிறது என்றால், முழுச் சம்பளத்திலிருந்தே ராஜினாமா செய்யுங்கள். பாதிச் சம்பளத்துக்கு ஒரு மாதம் போய்விட்டு அப்புறம் விடாதீர்கள்.

மாஷையும் மச்சானையும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் வரும் குழப்பம்தான் இது. கேரள அரசில் 2013 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர்களுக்கு 56. தமிழ்நாட்டு அரசு 58-ஐ 2020-ல் 59 ஆக்கி, 2021-ல் 60 ஆக்கியது. ஆந்திரத்தில் 2022-லிருந்து 62. ஒரே வயதுக்காரர்கள் மூன்று பேர், மாநில எல்லைச் சோதனைச் சாவடிக்கு எந்தப் பக்கம் வேலை செய்தார்கள் என்பதை வைத்து ஒருவர் கிழவர், ஒருவர் இளைஞர். உங்களுக்கு அதெல்லாம் இல்லை. தனியார் வேலையில் கம்பெனி நிலையாணையும் (வேலை விதிகள்) உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் சொல்வதுதான் வயது.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. பிஎஃப் தளத்தில் உங்கள் யுஏஎன் (பிஎஃப் எண்) கணக்கைத் திறந்து பெயரையும் பிறந்த தேதியையும் ஆதாரோடு ஒப்பிடுங்கள். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்ப் பள்ளியில் படித்து கேரளத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இதில் கட்டாயம் ஏதாவது இருக்கும். பள்ளிச் சான்றிதழில் ஓர் இனிஷியல், கம்பெனியில் அப்பா பெயர் முழுதாக, ஆதாரில் இரண்டும் இல்லாமல் வெறும் பெயர். தேதி ஒரு வருடம் தள்ளி இருந்தால் 58 எப்போது என்பதே மாறிவிடும். தப்பு இருந்தால் நீங்களும் கம்பெனியும் சேர்ந்து கையெழுத்திட்ட கூட்டு அறிவிப்பு கொடுத்துத் திருத்துங்கள், இப்போதே, உங்களை அவர்களுக்குத் தேவைப்படுகிற காலத்திலேயே. பென்ஷனைக் கேரளத்து வங்கியில்தான் வாங்க வேண்டுமோ என்று கவலைப்பட வேண்டாம். 2025 ஜனவரி முதல் நாட்டில் எந்த வங்கிக் கிளையிலும் வாங்கிக்கொள்ளலாம், சாவடிக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் இருந்தாலும் சரி.

மேனேஜரிடம் போகும்போது முதலில் மறுக்காதீர்கள். "சந்தோஷம் சார், மூணு நாளும் சம்மதம், அறுபது வரைக்கும் சம்மதம். ஆரம்பிக்கிற தேதி மட்டும் 2028 ஜனவரின்னு வெச்சுக்கலாம்" என்று ஆரம்பியுங்கள். அவர் ஏன் என்று கேட்டால் 26, 15, 30 என்று மூன்று எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டுங்கள். அவருக்கும் ஒருநாள் 58 வரும், பார்த்தவுடன் புரிந்துகொள்வார்.